புகை படிந்த மேடு: கிண்டர் ஸ்கவுட்டில் ஒரு கூட்டு நடை

இங்கிலாந்தில் மூர் என்று சொல்கிற நிலத்தை முதல் தடவை பார்க்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் "இங்க ஒண்ணுமே இல்லையே" என்றுதான் சொல்வார்கள். மரம் கிடையாது, வீடு கிடையாது, பயிர் கிடையாது. பழுப்பும் கறுப்பும் கலந்த ஒரு மேடு, கால் வைத்தால் சொதசொதவென்று ஈரம், எந்நேரமும் காற்று. மான்செஸ்டரில் குடியிருக்கும் எங்களில் பலர், ரயில் ஜன்னல் வழியாக இந்த மேடுகளைப் பார்த்துவிட்டு, பாவம் வெள்ளைக்காரர்கள், இதைப் போய் அழகு என்கிறார்களே என்று நினைத்ததுண்டு. போன மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதி நடைக்குழுவோடு கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஒரு முழுநாள் நடந்து வந்தேன். அந்த "ஒண்ணுமே இல்லை" எப்படி வந்தது, யார் அதை அப்படி ஆக்கினார்கள், அதன் மேல் நடக்கிற உரிமை எப்படிக் கிடைத்தது என்பதையெல்லாம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிண்டர் ஸ்கவுட் என்பது பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் உச்சி. உயரம் 636 மீட்டர்தான். நம் மலைகளோடு ஒப்பிட்டால் உயரத்தில் கணக்கிலேயே வராது, ஆனால் உச்சி என்று ஒரு முனை இல்லாமல், மேலே போனால் மேசை மாதிரி பரந்து கிடக்கும், மூடுபனி இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் வந்தோம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே திசை குழம்பிவிடும். நாங்கள் மேற்கே ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து கிளம்பி, நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போய், வில்லியம் க்ளஃப் என்ற ஓடைப் பள்ளத்தின் வழியாக ஏறி, மேட்டின் விளிம்போடு நடந்து, ஈடேல் கிராஸ் வழியாகத் திரும்பினோம். சுமார் 14 கிலோமீட்டர்.

குழுவில் எல்லா வயதுக்காரர்களும் இருந்தார்கள். எங்களை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஓரிடத்தில் நின்று பாடம் எடுப்பதெல்லாம் அவர் வழக்கம் இல்லை. நடந்துகொண்டே, பக்கத்தில் யார் வருகிறார்களோ அவர்களிடம் சொல்லிக்கொண்டே வருவார். முழுக் கதையும் வேண்டும் என்றால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடக்க வேண்டும். நான் விடவே இல்லை, அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டேன்.

ஹேஃபீல்டு இப்போது டீக்கடையும் கல்வீடுகளுமாக, ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்களுக்கான ஊர் போலத் தெரிகிறது. ஒரு காலத்தில் இது துணி ஆலை ஊர். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் தண்ணீர்தான் காரணம்: சக்கரம் சுற்றவும் அதுதான், துணி அலசவும் சாயம் போடவும் அதுதான். பருத்தி நூற்றார்கள், நெய்தார்கள், அச்சடித்தார்கள். லங்காஷயரும் அதைச் சுற்றிய இந்தப் பகுதிகளும் உற்பத்தி செய்த துணியில் பெரும்பங்கு கப்பலேறி வந்து இறங்கியது இந்தியாவில்தான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயருக்கு வந்து, டார்வென் பகுதியில் தங்கி, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்ததாகச் சொன்ன ஆலைத் தொழிலாளர்களை நேரிலேயே பார்த்துப் பேசினார். நான் இப்போது சொல்லப்போகும் கதை அதற்கு ஏழே மாதம் கழித்து நடந்தது. நடத்தியவர்களும் அதே மாதிரி ஆலை ஊர்களில் வளர்ந்த இளைஞர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் அந்தப் பாதையில் நடக்கும்போது எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பௌடன் பிரிட்ஜ் என்ற இடம். பொதி சுமக்கும் குதிரைகள் போய்வந்த பழைய கல்பாலம் ஒன்று, எதிரே கல் வெட்டி எடுத்த ஒரு குவாரி. இப்போது அது கார் நிறுத்துமிடம். பாறைச் சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள், 1982இல் வைத்தது. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி கிண்டர் மேட்டின் மேல் அத்துமீறி நுழையக் கூட்டம் புறப்பட்டது இங்கிருந்துதான் என்று அதில் எழுதியிருக்கிறது.

அத்துமீறி என்கிறேனே, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். முன்பு அந்த மேட்டை யாரும் வேலி போட்டு அடைத்து வைக்கவில்லை, சுற்றுவட்டார மக்கள் ஆடு மேய்த்துக்கொண்டும், எரிக்கப் பீட் என்ற கறுப்பு மண்ணை வெட்டிக்கொண்டும் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது பக்கத்து நிலவுடைமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை வைத்துக்கொண்டது விவசாயத்துக்கு அல்ல. க்ரவுஸ் என்று ஒரு பறவை, கவுதாரி போல உருண்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். அதைச் சுட்டு விளையாடத்தான். ஆகஸ்ட் 12ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 10 வரை வேட்டைக்காலம். அதிலும் உண்மையில் சுடுவது சில நாள்தான். அந்தச் சில நாளுக்காக வருஷம் முழுக்க மேட்டை மூடி வைத்து, கீப்பர் என்று காவலாள்களைத் தடியோடு நிறுத்தியிருந்தார்கள்.

இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் மான்செஸ்டர். வாரம் முழுக்க ஆலையிலும் பட்டறையிலும் வேலை, மூச்சு முட்டும் புகை, நெருக்கியடித்த வீடு. ஞாயிறு வந்தால் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று ரயிலேறி ஹேஃபீல்டு வரைக்கும் வருவார்கள். ஆயிரக்கணக்கில் வருவார்களாம். வந்தால் எங்கே போவது? பொதுப்பாதை ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் "உள்ளே வராதே" பலகை. கண்ணுக்கு எதிரே அவ்வளவு பெரிய வெளி கிடக்கிறது, ஒரு மனிதர் கிடையாது, ஆனாலும் கால் வைக்கக் கூடாது. இதை மாற்ற நாடாளுமன்றத்தில் 1884இலேயே ஜேம்ஸ் பிரைஸ் என்பவர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை, அதற்குப் பிறகு திரும்பத் திரும்பக் கொண்டுவந்தவையும் நிறைவேறவில்லை. அரை நூற்றாண்டு அப்படியே போயிற்று.

1932இல் தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர்கள், பெரும்பாலும் இடதுசாரிகள், இனிக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, கூட்டமாக ஏறிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். ஏற்கெனவே இருந்த பெரிய நடைச் சங்கங்கள் இதை விரும்பவில்லை, காரியம் கெட்டுப்போகும் என்று எதிர்த்தன. முன்னே நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20, மோட்டார் மெக்கானிக், ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பையன். ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து சைக்கிளிலேயே ஹேஃபீல்டு வந்து சேர்ந்தார். பேசுவதாக இருந்தவர் பின்வாங்கிவிட்டார், அதனால் இவரே குவாரிப் பாறை மேல் ஏறிப் பேசினார். சுமார் நானூறு பேர் கூடியிருந்தார்கள் என்று ராத்மனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எங்கள் ஆசிரியர் அந்தப் பாறைத் திட்டைக் கைகாட்டினார். கீழே இரண்டு கார், ஒரு குப்பைத்தொட்டி, திட்டின் மேல் பெரணிச் செடி. அந்த இடத்தில் இருபது வயதுப் பையன் ஒருத்தன் ஏறி நின்று, தன்னைவிட மூத்தவர்கள் பலர் இருக்கிற கூட்டத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும்தான்.

குவாரியிலிருந்து பாதை கிண்டர் நீர்த்தேக்கத்தை ஒட்டி ஏறுகிறது. 1912இல் கட்டி முடித்தது, ஸ்டாக்போர்ட் நகரத்துக்குக் குடிநீர் போவது இதிலிருந்து. தண்ணீர் லேசான டீ நிறம். மேலே இருக்கும் பீட் மண்ணிலிருந்து இறங்கிய சாயம் அது, சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த நிறத்தை எடுக்கத்தான் தண்ணீர் நிறுவனங்கள் நிறையச் செலவழிக்கின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேட்டின் மேல் மண் நன்றாக இருந்தால் கீழே வரும் தண்ணீரும் நன்றாக இருக்கும். மேலே மண் வெடித்துக் கிடந்தால் அது மழையோடு கரைந்து வந்து குழாயில் சேரும். பாசியைப் பற்றிப் பின்னால் சொல்வேன், அப்போது இதையும் நினைவில் வையுங்கள்.

நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் வில்லியம் க்ளஃப். நடுவில் ஓடை, இரண்டு பக்கமும் சரிவு, பாதை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் தாவிக்கொண்டே போகும். கல்லில் கால் வைத்துத் தாண்ட வேண்டும், கடைசியில் செங்குத்தாகக் கொஞ்சம் ஏற்றம். இந்தப் பாதை மட்டும் 1897இலேயே பொதுமக்களுக்குக் கிடைத்துவிட்டது. உள்ளூர்ப் பாதைகளைக் காப்பாற்றச் சங்கம் அமைத்த ஆட்கள் நிலக்காரர்களோடு வருஷக்கணக்கில் பேசி வாங்கியது, ஸ்னேக் பாதை என்று பெயர். ஆகவே 1932இல் அந்தக் கூட்டம் இதில் நடந்த வரைக்கும் குற்றம் ஏதும் இல்லை. ஓரிடத்தில் பாதையை விட்டு வலது பக்கச் சரிவில் ஏற ஆரம்பித்தார்கள், அங்கேதான் கீப்பர்கள் நின்றிருந்தார்கள். தள்ளுமுள்ளு ஆயிற்று, கீப்பர் ஒருவருக்குக் காலில் அடிபட்டது. மற்றவர்கள் ஏறிப் போய்விட்டார்கள்.

எங்களோடு யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் வந்திருந்தார், மனைவியோடு. நாற்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறார், மூர் மேல் நடப்பது இதுதான் முதல் முறையாம். அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே, "இந்த வெளியிலை நடந்ததுக்கே ஆக்களைப் பிடிச்சு மறியல்லை போட்டவங்கள்?" என்று கேட்டார். ஆமாம் அண்ணா, ஐந்து பேரை உள்ளே வைத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஏறினார். பிறகு, "அவையும் எங்களை மாதிரி வந்தேறு குடிதானே, அந்தப் பெடியன்" என்றார். ராத்மனைத்தான் சொன்னார்.

ஓடைப் பள்ளம் முடியும் இடம் ஆஷப் ஹெட். அங்கேதான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம், 1932இல் அந்தக் கூட்டமும் ஷெஃபீல்டு பக்கமிருந்து ஏறி வந்த இன்னொரு கூட்டமும் சந்தித்து வெற்றிக் கூட்டம் போட்டது இந்த இடத்தில்தான். நாங்கள் தயிர்சாதமும் சாண்ட்விச்சும் சாப்பிட்டோம். வடக்கே மில் ஹில் என்ற மேட்டுக்கு ஒரு கல்பாதை நீண்டு போவது தெரிந்தது. 1944இல் பி-24 லிபரேட்டர் விமானம் ஒன்று மோதி விழுந்த மேடு அது. உலோகத் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன, அதில் இருந்த இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த விமானத்தைவிடக் கல்பாதைதான் பெரிய விஷயமாகப் பட்டது. இங்கே போகிற பென்னைன் வே என்ற நெடுந்தூரப் பாதையில் ஆட்கள் நடந்து நடந்து மண் சேறாகி, சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடந்து, பாதை ஒரு சாலை அகலத்துக்கு விரிந்துகொண்டே போயிற்றாம். அதைத் தடுக்க ஈர மண்ணின் மேல் பெரிய பெரிய பலகைக் கற்களைப் பாவினார்கள். கற்கள் எங்கிருந்து வந்தன? இடித்துத் தள்ளிய பழைய பஞ்சாலைகளின் தரையிலிருந்து. குனிந்து பார்த்தேன். ஒரு கல்லில் விரல் நுழையும் அளவுக்கு இரண்டு வட்டத் துளை, ஏதோ இயந்திரத்தின் காலை முடுக்கிய இடம் போல. துளையில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. பக்கத்துக் கல்லின் ஒரு ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. எத்தனை பேர் எத்தனை வருஷம் மரக்கட்டைச் செருப்போடு நின்று தறி ஓட்டிய இடமோ. வாரமெல்லாம் அந்தக் கல் மேல் நின்றவர்களை இந்த மேட்டில் ஏறவிடவில்லை, இன்றைக்கு அதே கல் மேட்டின் மேல் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் அதன் மேல் நடக்கலாம். தேய்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சூடாக இருந்தது.

1932இல் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்றால், பாடிக்கொண்டு ஹேஃபீல்டுக்கு இறங்கியபோது போலீஸ் காத்திருந்து சிலரைக் கைது செய்தது. அத்துமீறி நுழைவது அந்த நாட்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றமே கிடையாது, அதனால் கலகம் செய்தது, தாக்கியது என்று வழக்குப் போட்டார்கள். ஜூலையில் டர்பி நகர நீதிமன்றத்தில் விசாரணை. வழக்கைப் பரிசீலித்த பெரிய ஜூரியில் இருந்தவர்கள் நிலவுடைமையாளர்களும் ராணுவ அதிகாரிகளும். ஐந்து பேருக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, ராத்மனுக்கு நான்கு மாதம். அதுவரைக்கும் இந்தப் பையன்களை ஒப்புக்கொள்ளாத நடைச் சங்கத்தினர்கூடத் தண்டனையைக் கேட்டுக் கொதித்துப் போனார்கள். அதே வருஷம் பக்கத்து வின்னட்ஸ் கணவாயில் நடந்த கூட்டத்துக்கு என்று சேர்ந்த ஆட்கள் அதற்கு முன் என்றும் சேர்ந்ததில்லை என்கிறார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது, பென்னைன் வே பாதை 1965 ஏப்ரல் 24ஆம் தேதி திறக்கப்பட்டது. அதே தேதி. 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் கடைசியில் மூர்நிலத்தில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமையைத் தந்தது. 2002இல், எழுபதாம் ஆண்டு நினைவு நாளில், அன்றைய நிலக்காரரின் பேரனான டெவன்ஷயர் கோமகன் பௌடன் பிரிட்ஜில் நின்று, தன் தாத்தா செய்தது பெரிய தவறு என்று எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். ராத்மன் அதைக் கேட்க இல்லை. அந்த வருஷம் ஜனவரியில் தன் தொண்ணூறாவது வயதில் காலமாகிவிட்டார். மூன்று மாதம் பொறுத்திருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சாப்பிட்டுவிட்டுக் கற்படிகளில் ஏறினால் மேசை மேடு. மூர் என்பது முழுசாகத் தெரிவது இங்கேதான். கீழே கருங்கண்டமாகப் பீட் மண். செடி செத்தால் மற்ற இடங்களில் மக்கி மண்ணாகிவிடும். இங்கே தண்ணீர் தேங்கி நிற்பதாலும், புளிப்புத் தன்மையாலும், காற்றுப் புகாததாலும் மக்குவதே இல்லை, அப்படியே படிந்து அமுங்கிக்கொண்டே போகிறது. வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். நீங்கள் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பீட்டைப் பார்த்தால் ஆயிரம் வருஷத்தைப் பார்க்கிறீர்கள், இங்கே அது பல மீட்டர் ஆழம். உலக நிலப்பரப்பில் பீட் நிலம் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காடுகளில் இருக்கிற கார்பனைவிட அதிகக் கார்பன் அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

இதை உருவாக்குவது ஒரு பாசி. ஸ்ஃபாக்னம் என்று பெயர். ஒரு குழியின் ஓரத்தில் ஆசிரியர் மண்டியிட்டு, எங்களையும் குனியச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பச்சைத் திட்டு. கிட்டே போனால் ஒவ்வொன்றும் தனித்தனி நட்சத்திரம் போல, நடுவில் இளம்பச்சை, ஓரம் சிவப்பு, ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பிடுங்காமல் விரலால் மட்டும் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன், சில்லென்று தண்ணீர் விரல் முட்டி வரை ஏறியது, விரலை எடுத்ததும் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு பழையபடி எழும்பி நின்றது. தன் உலர்ந்த எடையைப் போல இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காயத்துக்கு வைத்துக் கட்ட இந்தப் பாசியைத்தான் மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள்.

இந்தப் பாசியைத்தான் மான்செஸ்டர் கொன்றது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நூறு நூற்றைம்பது வருஷம் ஒரு பக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் ஷெஃபீல்டு, இரண்டு ஊர்களும் எரித்த நிலக்கரியின் புகை கந்தகத்தோடு வந்து இந்த மேட்டின் மேல் மழையாக இறங்கியது. ஏற்கெனவே புளித்த மண் இன்னும் புளித்தது. ஈயமும் சேர்ந்து படிந்தது. பாசி அழிந்தது. பாசி போனால் மண்ணுக்குப் போர்வை போன மாதிரி. அப்புறம் ஆடுகள் மேய்ந்தன, வெயில்காலத்தில் தீப்பிடித்தது, காற்றும் மழையும் வெறும் பீட்டை அரித்து ஆளுயரப் பள்ளங்களாக வெட்டின. ரயில் ஜன்னலிலிருந்து நாம் பார்த்து "ஒண்ணுமே இல்லை" என்று சொன்ன அந்தக் கறுப்பு, ஆலைப் புகை செய்த புண். ஆலைக்குள் இருந்தவர்களை நல்ல காற்றுக்காக இந்த மேட்டுக்கு விரட்டியதும் இதே புகைதான். அவர்கள் வந்து சேர்ந்தபோது மேடும் அவர்களைப் போலவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறது.

க்ரவுஸ் வேட்டைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். க்ரவுஸ் தின்பது ஹெதர் செடியின் இளந்தளிர். தளிர் கிடைத்துக்கொண்டே இருக்க மூர்களில் திட்டுத் திட்டாக ஹெதரை எரிப்பார்கள், மற்ற மூர்களில் இன்றும் எரிக்கிறார்கள். ஆகஸ்டில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கும் ஹெதர் மேடுகளின் படத்தைப் பார்த்து ஆஹா என்கிறோம், ஆனால் அந்த ஊதா ஒரே சீராக மைல் கணக்கில் இருந்தால் அங்கே ஈரமும் பாசியும் இருக்க வேண்டிய இடத்தை ஹெதர் பிடித்துக்கொண்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். எரிப்பது நல்லதுதான், பெரிய தீயைத் தடுக்கும் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே ஒருவர் அதைச் சொன்னார், ஆசிரியருக்கும் அவருக்கும் கொஞ்ச தூரம் வாக்குவாதம் நடந்தது. நான் ஆசிரியர் பக்கம். ஈரமாக இருக்க வேண்டிய நிலத்தை ஈரமாக வைத்திருந்தால் தீயைப் பற்றிய கவலையே பாதி குறையும்.

இப்போது நிலைமை மாறி வருகிறது, அதைக் கண்ணால் பார்க்க முடிந்ததுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். கிண்டர் மேடு 1982இலிருந்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை வசம் இருக்கிறது. மூர்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பு 2003இலிருந்து இந்த மேடுகளைச் சரிசெய்கிறது. வெறும் மண் மேல் சுண்ணாம்பு தூவிப் புளிப்பைக் குறைத்து, புல் விதை போட்டு, ஹெதர் தழையைப் பரப்பி, சரிவுகளில் சணல் வலை விரித்தார்கள். பள்ளங்களில் சின்னச் சின்னக் கல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள், கல்லெல்லாம் ஹெலிகாப்டரில் வந்தது. ஆடு ஏறாமலிருக்க வேலி. கடைசியாக, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பாசிக் கொத்துகளைக் கையால் ஒவ்வொன்றாக நட்டார்கள். நாங்கள் தாண்டிய ஒரு பள்ளத்தில் சணல் வலையின் நூல் இன்னும் இரண்டொரு இடத்தில் தெரிந்தது, அதன் இடுக்கெல்லாம் பச்சை. அதைச் சுற்றிப் பருத்திப்புல். பஞ்சு போல வெள்ளை வெள்ளையாகக் குஞ்சம், மேடு முழுக்கக் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது.

மேட்டின் மேற்கு விளிம்பு முழுக்கப் பாறைகள், காற்று குடைந்து விதவிதமாக உருட்டி வைத்திருக்கிறது. கிண்டர் டவுன்ஃபால் அருவி சுமார் 30 மீட்டர் விழும், மேற்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் கீழே போகாமல் மேலே திரும்பி வந்து நடப்பவர்கள் முகத்தில் அடிக்குமாம். அன்றைக்குப் பலமான காற்றும் இல்லை தண்ணீரும் இல்லை, சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வானம் தெளிவாக இருந்ததால் மான்செஸ்டர் கட்டடங்கள் வரிசையாகத் தெரிந்தன. யாழ்ப்பாணத்து அக்கா தன் வீடு இருக்கும் திசையைத் தேடிக் கண்டுபிடித்தார். மேலே எங்கேயோ கர்லூ ஒன்று நீளமாகக் கூவியது. நம் கோடியக்கரைப் பக்கம் பனிக்காலத்தில் வந்து சேற்றில் மேயும் அதே வளைந்த அலகுப் பறவை இனம்தான், முட்டையிட இந்த மாதிரி ஈர மேடுகள் வேண்டும். பில்பெரிப் புதருக்குள்ளிருந்து க்ரவுஸ் ஒன்று சடசடவென்று கிளம்பிக் கத்திக்கொண்டு போனது. அதன் கத்தல் "கோ பேக், கோ பேக்" என்று கேட்கும் என்பார்கள். கேட்டது. யாரும் திரும்பிப் போகவில்லை.

கிண்டர் லோ என்ற இடத்தில் 633 மீட்டர் உயரத்தில் நில அளவைத் தூண் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தோம். ஈடேல் கிராஸ் ஒரு பழைய கற்சிலுவை, மத்திய காலத்தது, அரசரின் வேட்டைக் காட்டுக்கு எல்லைக்கல்லாக நின்றது என்கிறார்கள். பொதிக்குதிரைகள் கணவாயைத் தாண்டிய பாதையும் அதுதான். வேட்டைக்கு என்று ஒதுக்கி வைத்த நிலம் என்பது இந்த மேட்டுக்குப் புதுசல்ல என்று அதைப் பார்த்ததும் புரிந்தது. அங்கிருந்து இறக்கம் நீளம், முழங்கால் வலிக்கும், சொல்வதற்கு அதிகம் இல்லை.

இறங்கும்போது அண்ணா கேட்டார்: அப்ப இனி எல்லா இடமும் நடக்கலாமோ? இல்லை. இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதத்தில்தான் இப்படிப் பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமை இருக்கிறது. மூர், மலை, புதரும் புல்லுமான திறந்த வெளி, பொது நிலம், அவ்வளவுதான். காடுகளில் பெரும்பகுதி, ஆற்றங்கரைகள், இதெல்லாம் சேராது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான இடங்களில் நடக்கலாம், இங்கே மட்டும் ஏன் முடியாது என்று கேட்டு இன்றும் ஆட்கள் கூட்டமாக நடக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் ஆட்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நடைகளில் நம் முகங்கள் குறைவு. "அதெல்லாம் அவங்க பொழுதுபோக்கு" என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்க வேண்டியதில்லை. இந்த உரிமைக்காகச் சிறை போனவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள் அல்ல, வாடகை வீட்டுக்காரர்கள், குடியேறிகளின் பிள்ளைகள். சட்டம் யாருடைய ஊரையும் பெயரையும் கேட்பதில்லை. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், நுழைவுச்சீட்டு கிடையாது, ஏறி நடக்கலாம்.

போவதாக இருந்தால்: நியூ மில்ஸ் வரைக்கும் ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஹேஃபீல்டுக்குப் பழைய ரயில் பாதையே இப்போது நடைபாதை, 1970இல் ரயில் நின்றுபோனதால் அது நமக்குக் கிடைத்தது. கணுக்கால் மூடும் பூட்ஸ், மழைச் சட்டை, ஓஎஸ் என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தில் ஓஎல்1 என்ற தாள், திசைகாட்டி, இவை இல்லாமல் மேசை மேட்டின் நடுவுக்குப் போகாதீர்கள், போனில் சிக்னல் வரும் போகும். நாய் கூட்டிப் போனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை கட்டாயம் கயிற்றில் இருக்க வேண்டும், பறவைகள் தரையில்தான் முட்டையிடும். எதையும் கொளுத்தாதீர்கள், பார்பெக்யூ வேண்டவே வேண்டாம், 2018இல் சாடில்வர்த் மூர் நாள் கணக்கில் எரிந்ததை மான்செஸ்டர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பச்சைப் பாசித் திட்டைப் பார்த்தால் சுற்றிப் போங்கள், யாரோ ஒருவர் குனிந்து கையால் நட்டது அது. எங்கள் குழுவின் அடுத்த நடை ஈடேல் பக்கத்திலிருந்து, ஹெதர் பூக்கும் ஆகஸ்டில். யாழ்ப்பாணத்து அண்ணா இப்போதே இரண்டு பெயர் கொடுத்துவிட்டார்.